அக்கா பின் சீட்டுக்குப் போன கதை

1

யாராவது எனக்கு எதையாவது சும்மா தருகிறேன் என்றால் முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். திருச்சுழிக்காரனுக்கு அது பிறவிக் குணம். ஜப்பானுக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் போகவில்லை. இங்கே பர்ஸைத் தொலைத்தால் பணத்தோடு திரும்பி வரும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கும் ஒருமுறை வந்தது. கொண்டுவந்து கொடுத்தவனை நான் பார்த்த பார்வையில் அவன் பாவம், ஓடியே போய்விட்டான்.

அதனால்தான் ஒரு சனிக்கிழமை காலையில் கார் ஷோரூமிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "உங்கள் காரைக் கொண்டுவாருங்கள், ஒரு பாகத்தை மாற்றித் தருகிறோம், செலவு எங்களுடையது" என்று சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "எதற்கு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஜப்பானியம் தொழிற்சாலையில் போர்மேன்கள் கத்துவதைக் கேட்டுப் படித்தது. அந்தப் பாஷையில் "எதற்கு?" என்று கேட்டால் போலீஸ்காரர் திருடனைக் கேட்பதுபோல இருக்கும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். மேனேஜரைக் கூப்பிட்டாள். அவரும் மன்னிப்புக் கேட்டார்.

இப்படி மன்னிப்புக் கேட்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பயம். ஒன்றுமில்லாமலா இவ்வளவு குனிவார்கள்?

என் மகள் மது போனைப் பிடுங்கிக்கொண்டாள். பதினைந்து வயது. பால்வாடிக் காலத்திலிருந்தே இங்கேதான் வளர்ந்தவள். போனில் பேசும்போது எதிரே ஆளே இல்லாமல் தலையைக் குனிந்து குனிந்து பேசுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் பிறந்ததுதானா என்று தோன்றும். பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, தப்பு அவங்களோடது. சாரி சொல்றாங்க. நீங்க எதுக்கு திட்டுறீங்க?"

"நான் எங்கம்மா திட்டினேன்?"

"திட்டுனீங்க," என்றாள். அதற்கு மேல் தமிழ் வரவில்லை. மிச்சத்தை ஜப்பானியத்தில் என் மனைவி செல்வியிடம் சொன்னாள். செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

விஷயம் இதுதான். காரின் முன்புறம், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டுக்கு எதிரே, டாஷ்போர்டுக்குள் ஒரு காற்றுப் பலூன் மடித்து வைத்திருக்கிறது. வண்டி மோதினால் அது விரிந்து ஆளைத் தாங்க வேண்டும். அதை ஊதுவதற்கு உள்ளே ஒரு சின்ன உலோக டப்பா. வருஷக்கணக்கில் வெயிலும் புழுக்கமும் பட்டால் அந்த டப்பாவில் இருக்கும் வெடிமருந்து கெட்டுப்போகலாமாம். கெட்டுப்போனால், பலூன் விரிகிற நேரத்தில் டப்பாவே வெடித்து இரும்புத் துண்டுகள் முகத்தில் பாயலாமாம். காப்பாற்ற வைத்த சாமானே ஆளைக் கொல்லும். டப்பா செய்தது வேறு ஏதோ கம்பெனி, கார் கம்பெனி வாங்கிப் பூட்டியதோடு சரி என்றும் சொன்னார்கள். அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

வெயில் என்ற சொல்தான் எனக்குள் நின்றது. என் காரைப் போலவே, அதே கம்பெனியின் இன்னொரு கார், வேறு பெயரில், திருச்சுழியில் ஒரு கொட்டகைகூட இல்லாமல் பொட்டலில் நிற்கிறது. அதன் முன் சீட்டில் வாரம் தவறாமல் உட்காருகிறவள் என் அக்கா.

2

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு மறைமுகமாகச் சோறு போடுகிற கம்பெனி அது. நான் வேலை செய்வது அவர்களிடம் இல்லை, அவர்களுக்குக் கதவு ரப்பர் செய்து கொடுக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில். கதவைச் சாத்தினால் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற ரப்பர் பட்டை. ஊரில் இதை எவ்வளவு சொன்னாலும் ஏறாது. "ஜப்பானில் கார் செய்கிறான்" என்றுதான் பேச்சு. ரப்பர் என்று திருத்தினால் அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஜப்பானில் இந்தப் பக்கத்தில் தறி செய்யத் தொடங்கிப் பிறகு கார் செய்யப் போன கம்பெனிகள் ஒன்றுக்கு மேல் உண்டு. இந்தக் கார் கம்பெனியும் அப்படித்தான். முதலில் துணி நெய்கிற தறி. யுத்தத்துக்குப் பிறகு அந்தத் தொழில் படுத்தபோது சக்கரம் வைத்த எதையெதையோ செய்து பார்த்தார்கள். பிறகு நாலு பேர் நெருக்கி உட்காருகிற ஒரு சின்ன வண்டி. பிறகு உலகம் பூராவும். மதுவின் பள்ளிக்கூடத்திலிருந்து கம்பெனியின் கண்காட்சிக் கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள், பெற்றோரும் வரலாம் என்றதால் நானும் போனேன். நுழைந்ததும் ஒரு பழைய தறி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அருப்புக்கோட்டையில் ஏதோ ஒரு தறிக்காரர் தெருவில் நிற்பதுபோல இருந்தது. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வியந்தார்கள். நான் வேறொன்றைத் தேடினேன். இத்தனை வருஷத்தில் விற்காமல் போன வண்டி, பழுதாகித் திரும்பி வந்த வண்டி, ஒன்றாவது வைத்திருக்கிறார்களா என்று. ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஜெயித்த வண்டிகள். தோற்றதே இல்லை என்று சொல்கிற ஆளிடம் நான் ஆடுகூட வாங்க மாட்டேன்.

ஆனாலும் அவர்கள் வண்டியைத்தான் வாங்கினேன். அதற்கே ஒரு பெரிய படலம். இங்கே கார் வாங்க வேண்டுமென்றால், அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸில் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டு வாசலின் படம் போட்டு, அகலம் நீளம் எழுதி, வீட்டுக்காரர் முத்திரை வைத்துக் கொடுத்தால், அவர்கள் வந்து அளந்து பார்ப்பார்கள். இதை ஊரில் அக்கா புருஷனான மச்சானிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. "காரு வாங்கத் துட்டு இருக்கான்னுதான் கேக்கணும். நிப்பாட்ட எடம் இருக்கான்னு கேட்டா, அவன் ஒங்கிட்ட வேற என்னமோ எதிர்பாக்குறான்" என்றார்.

இங்கே காரைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் தன் காரைக் குளிப்பாட்டித் துடைத்துப் பல் தேய்க்காத குறையாகப் பார்த்துக்கொள்கிறார். வண்டி எப்படி என்று கேட்டால், "சுமாராக இருக்கிறது" என்பதோடு சரி. நம் ஊரிலோ சொந்தமாகக் கார் இல்லாதவரும் அரை மணி நேரம் பேசுவார். ஜப்பான் இஞ்சின் சாகாது. மைலேஜை அடிச்சுக்க ஆள் இல்லை. மல்லாங்கிணற்றில்கூட ஸ்பேர் கிடைக்கும். ஆனால் தகரம். மோதினால் அப்பளம். ஜப்பான்காரன் தன் ஊருக்குக் கெட்டி இரும்பும் நமக்குப் பிஸ்கட் டப்பாவும் அனுப்புகிறான். இது கடைசியில் எல்லோரும் வந்து சேர்கிற இடம். நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் இதை உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்பார்கள். எனக்குத் தெரியாது என்றால், கம்பெனிக்காரன் வாயைத் திறக்க மாட்டான் என்று தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

3

மச்சான் பெயர் வேலுச்சாமி. ஆட்டு வியாபாரி. அக்கா பாண்டியம்மாளைக் கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் நரிக்குடிப் பக்கம் ஒரே வயலில் கூலிக்கு நின்றவர்கள். இன்று மச்சானிடம் ஆடு ஏற்ற ஒரு லோடு வண்டியும், குடும்பம் போக ஒரு காரும் இருக்கின்றன. அந்தக் கார் அவர் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுச் சேர்த்தது.

ஆடு வாங்கும்போது மச்சான் பல்லைப் பார்ப்பார், கண் இமையை இறக்கிப் பார்ப்பார், கொஞ்சம் நடக்க விட்டுப் பார்ப்பார், பிறகு விற்கிறவனின் முகத்தைப் பார்ப்பார். கார் வாங்கப் போனபோதும் அதையேதான் செய்தார். விற்றவர் அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்திருந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அந்தச் சமயம் நான் விடுமுறையில் இருந்ததால் கூடப் போயிருந்தேன். மச்சான் பானெட்டைத் திறந்து வாசம் பிடித்தார். நாலு டயரையும் கிள்ளிப் பார்த்தார். நடுவில் அந்த வீட்டம்மா புருஷனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார்.

மச்சான் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "பாத்தியா மாப்ளே? நமக்குத் தெரியாம என்னமோ பேசிக்கிறாக. வண்டியில ஏதோ பழுது இருக்கு."

"மோர் கொண்டுவரட்டுமான்னு கேட்டிருப்பாக மச்சான்."

மோர்தான் வந்தது. மச்சான் அதையும் நான் குடித்த பிறகுதான் குடித்தார். விலை பேசும் நேரம் வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தத் தறிக்காரரின் கைமேல் போட்டு, அடியில் கையை விட்டு விரலைப் பிடித்தார். சந்தையில் அப்படித்தான் விலை பேசுவது, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக் கூடாது. அந்த மனிதருக்கு இந்த வழக்கம் தெரியாது. தன் விரலை எதற்கு இவர் பிடிக்கிறார் என்று மிரண்டுபோய் மனைவியைப் பார்த்தார். கடைசியில் வாய்விட்டுப் பேசித்தான் முடித்தார்கள். அப்படிப் பேசி வாங்கிய வண்டி மேல் மச்சானுக்கு இன்றுவரை முழு நம்பிக்கை இல்லை.

ஒரே ஒரு தடவை அதைக் கம்பெனி சர்வீஸுக்கு விட்டார். திரும்பி வந்ததும் பேட்டரி பழையது மாதிரி தெரிகிறது, மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து ஒரு காரியம் செய்கிறார். சந்தையில் வாங்கிய ஆட்டுக்கு அடையாளம் வைக்கிற சிவப்புச் சாயத்தை எடுத்து, பேட்டரியில் ஒரு கோடு, டயருக்கு ஒரு கோடு, ஸ்டெப்னிக்கு ஒரு கோடு, இஞ்சினில் கை போகிற இடத்திலெல்லாம் ஒரு கோடு. எந்த மெக்கானிக்கிடம் விட்டாலும் எடுக்கும்போது கோடுகளை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் சாவியைக் கையில் வாங்குவார்.

4

அக்காவின் காரும் பலூனை மாற்ற வேண்டிய வண்டிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க, சேஸிஸ் நம்பர் வேண்டும் என்றாள் மது. ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அக்கா மகனான என் மருமகனிடம் கேட்டு வாங்கினேன். மது அந்த நம்பரைக் கம்பெனியின் இந்திய இணையப் பக்கத்தில் போட்டாள். இருந்தது. முன்னால் இடது பக்கத்துச் சீட்டுக்கான பலூன். ஓட்டுகிறவர் பக்கம் நன்றாக இருக்கிறது.

மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், காரு கம்பெனியிலருந்து யாராச்சும் போன் பண்ணுனாகளா?"

"பண்ணுனா, ஒரு பொம்பளப் பிள்ள. நாலஞ்சு வாட்டி. சாமான் மாத்தித் தாரோம், ஓசின்னா. ஓசின்னு சொன்ன ஒடனே வச்சுட்டேன். அடுத்தாப்புல பேங்கு நம்பரக் கேப்பா."

"நெசமாவே கம்பெனிதான் மச்சான். எனக்கும் இங்க கூப்பிட்டு மாத்திக் குடுத்தான்."

"நீ பாத்தியா?"

"எத?"

"மாத்துனத."

பார்த்தேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. மூக்கு கண்ணாடியில் முட்ட நின்றுகொண்டே பார்த்தேன், பழையதைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கியும் பார்த்தேன். மது நாலு நாற்காலி தள்ளிப் போய், என்னைத் தெரியாதவள் மாதிரி போனை நோண்டிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். பலூன் விஷயத்தையும், இரும்புத் துண்டு விஷயத்தையும், அக்காவின் சீட்டுதான் என்பதையும் பொறுமையாகச் சொன்னேன்.

"அவன் எதுக்கு ஓசியில மாத்தணும்?"

"பயம் மச்சான். ஆளு செத்தா அவன் பேரு கெட்டுப்போகும். தர்மத்துக்கு மாத்தல, பயந்துக்கிட்டு மாத்துறான்."

இது மச்சானுக்குப் புரிகிற பாஷை என்று நினைத்தேன். அவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

"பயப்புடுறாம்ல? அப்ப என்னமோ தப்புப் பண்ணியிருக்கான். தப்புப் பண்ணுனவன் கையிலயே திருப்பிக் கொண்டுபோயி வண்டியக் குடுக்கச் சொல்ற."

வருத்தம் என்னவென்றால், ஷோரூமில் நின்றபோது எனக்கும் அதே யோசனைதான் ஓடியது.

"மாப்ளே, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாத. பேட்டரியில அடையாளம் வச்சிருக்கேன், டயர்ல வச்சிருக்கேன். அந்தப் பலூனு உள்ளுக்குள்ள கெடக்கு. அதுல எங்கிட்டுப் போயி வைக்க? பழசக் கழட்டிட்டு வெறும் மூடிய மூடி அனுப்பிச்சுட்டான்னா எனக்கு எப்பிடித் தெரியும்? இப்ப உள்ளதாவது ஜப்பான்ல போட்ட ஒரிஜினலு. அதத் தூக்கிட்டு உள்ளூர்ச் சரக்க வைக்கத்தான் இம்புட்டுப் போனு."

நான் எவ்வளவோ சொன்னேன். மாதம் ஒருமுறை சொன்னேன், பிறகு வாரம் ஒருமுறை சொன்னேன். சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீடியோவில் பார்த்தால் காரின் கூரைமேல் காற்றே நடுங்கியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிர் போகிற விஷயத்தில் என்ன பேட்டரிக் கணக்கு என்று கத்திவிட்டேன். மச்சான் போனை வைத்துவிட்டார்.

5

கடைசியில் அக்காவிடமே சொன்னேன். அவளுடைய மகளை மல்லாங்கிணற்றில் கட்டிக் கொடுத்திருக்கிறது. பேத்தி பிறந்து சில மாதம்தான். ஞாயிறுதோறும் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக அந்தக் காரில் பேத்தியைப் பார்க்கப் போவார்கள். அக்கா எப்போதும் முன் சீட்டில்தான். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். பஸ்ஸில்கூட டிரைவர் பக்கமாகப் போய் ஒட்டி நின்றுகொள்வாள்.

பலூனைப் பற்றிச் சொன்னபோது அக்கா முதலில் சிரித்தாள். "சாகுறதுன்னா எங்க உக்காந்தாலும் சாகத்தானய்யா செய்யணும்."

"இது தெரிஞ்சே உக்கார்றது, அக்கா. மூஞ்சியில வந்து அடிக்கும்."

"அவுக பக்கமும் அப்பிடித்தானா?"

"இல்ல. மச்சான் சீட்டு நல்லா இருக்கு. ஒன் சீட்டுதான்."

அக்காவின் சிரிப்பு நின்றது.

"இத அவுககிட்டச் சொன்னியா?"

"சித்திரைக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

"இந்தச் சீட்டுதான்னு சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேப்பா," என்றாள்.

அவளுக்குப் பலூன் பெரிதாகப் படவில்லை, இதுதான் பட்டது. முப்பது வருஷம் கூட இருந்த மனுஷர், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வாரம் வாரம் சொல்லாமலே வண்டி ஓட்டியிருக்கிறார். அவருடைய கணக்கு எனக்குத் தெரியும். நம்பாத விஷயத்தை எதற்குச் சொல்லி இவளைப் பயமுறுத்துவது என்று நினைத்திருப்பார். ஆனால் அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். மச்சான் என்னவென்று கேட்டதற்கு, "இங்கனதான் உக்காருவேன்" என்று மட்டும் சொன்னாளாம்.

திருச்சுழி சின்ன ஊர். புருஷன் ஓட்ட, முன் சீட்டு காலியாகக் கிடக்க, பொண்டாட்டி பின்னால் உட்கார்ந்து போனால் அது கண்ணில் படாமல் இருக்குமா? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முதல் வாரமே தொடங்கிவிட்டது. "என்னலே வேலு, ஆக்டிங் டிரைவரா சேந்துட்டியா? மொதலாளியம்மா எங்க கெளம்பிட்டாக?" ரெண்டாவது வாரம், "பேட்டாவெல்லாம் ஒழுங்காத் தாராகளா?" மல்லாங்கிணற்றில் சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றதும், பின்னாலிருந்து அக்கா இறங்குவதைப் பார்த்து, சம்பந்தியம்மா மெதுவாக மகளைக் கேட்டாராம், உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று.

மச்சான் எனக்குப் போன் செய்தார். அவராக என்னைக் கூப்பிடுவது அபூர்வம்.

"ஏன் மாப்ளே, கடலத் தாண்டி உக்காந்துக்கிட்டு எங் குடும்பத்துல குண்டு வைக்கிற?"

"குண்டு ஒங்க காருல இருக்கு மச்சான்."

"ஊரே சிரிக்குது."

"அக்கா சாகலைல? சிரிச்சுட்டுப் போறாக."

இப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தாள். எலுமிச்சம்பழம் அந்த வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. மச்சான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறார். "முன்னால வந்து உக்காரு தாயி" என்று கெஞ்சினாராம். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு பின் சீட்டிலேயே ஏறினாள். இதை எனக்குச் சொன்னது மருமகன். மறுநாள் காலை மச்சான் சாயப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிவிட்டார்.

6

மதுரையில் அந்தக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் நடந்ததை, கூடப் போன மருமகன் போனைப் பிடித்துக் காட்ட, நான் வீடியோவில் பார்த்தேன். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீனில் போனைத் தண்ணீர் கிளாஸில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜப்பானியர்கள் இது ஏதோ கிரிக்கெட் என்று நினைத்திருப்பார்கள்.

மச்சான் கிசுகிசுத்தார். "ஏசி ரூமுல உக்காரச் சொல்றான் மாப்ளே. காப்பி குடுக்குறான். என்னைய அங்கிட்டுத் தள்ளிவிட்டுட்டு இங்கிட்டு என்னமோ பண்ணப் போறான்."

"உக்காராதீக. வண்டிகிட்டயே நில்லுங்க," என்றேன். நானே சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், இந்த விஷயத்தில் நான் யார் பக்கம் என்று.

சூப்பர்வைசர் வந்து, உள்ளே நிற்கக் கூடாது சார் என்றார். மச்சான் நகரவில்லை. அப்படியானால் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். அந்த ஆள் நல்லவர்போல, ஒரு மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். மச்சான் ஸ்டூலில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் டாஷ்போர்டைப் பிரித்து அந்தச் சாமானை வெளியே எடுத்தார். பழையதைத் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்றார் மச்சான். முடியாது, கம்பெனிக்குத் திரும்ப அனுப்ப வேண்டும் என்றார் சூப்பர்வைசர். அங்கே ஒரு வாக்குவாதம் கிளம்பியது. எனக்குச் சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கட்டும் என்று விட்டார்கள். மச்சான் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுச் சின்னதா?" என்றார். குரல் மாறியிருந்தது. "இதுவா அவ மூஞ்சியில வந்து அடிக்கும்?"

பிறகு அவராகவே திருப்பிக் கொடுத்தார்.

புதியதைப் பூட்டுவதற்கு முன் சாயம் வைக்க வேண்டும் என்றார். இதில் எதுவும் பூசக் கூடாது ஐயா, ஆபத்து என்றார் மெக்கானிக். மச்சான் பாட்டிலைத் திறந்தபடி நின்றார். வயதானவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, மெக்கானிக் பூட்டி முடித்துவிட்டு, அதைத் தாங்குகிற போல்ட்டின் தலையைக் காட்டி, இதில் வேண்டுமானால் ஒரு பொட்டு வையுங்கள் என்றார். மச்சான் குனிந்து வைத்தார். மேலே மூடியைப் போட்டு அடைத்துவிட்டார்கள். இனி அந்தப் பொட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. டாஷ்போர்டைப் பிரிக்காமல் மச்சானும் பார்க்க முடியாது. ஆனாலும் அவர் முகம் தெளிந்திருந்தது. வெளியே வந்து பேட்டரி, டயர், ஸ்டெப்னி எல்லாவற்றையும் எண்ணினார். சரியாக இருந்தது. அதுவே அவருக்கு லேசான ஏமாற்றம் என்று எனக்குத் தோன்றியது.

நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன். போர்மேன் ஏன் என்று கேட்டார். என் அக்கா காருக்குப் பாகம் மாற்றினார்கள் என்றேன். அக்கா எங்கே இருக்கிறார் என்றார். இந்தியாவில் என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். கார் வாசலில் நிற்கிறது, மச்சான் இஞ்சினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், இவள் வெளியே நிற்கிறாள்.

"மாத்தியாச்சுங்குறாக," என்றாள். "அவுக சொல்லி நான் ஏற மாட்டேன். சொல்ல வேண்டியத அன்னைக்கே சொல்லல. நீ சொல்லு. முன்னால உக்காரவா?"

"நான் வீடியோவுல பாத்தேன்க்கா."

"பாத்தத நான் கேக்கல. உக்காரவா வேணாமா?"

கொஞ்சம் இரு என்றேன். மதுவைக் கூப்பிட்டு மறுபடியும் அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டாள். இந்த வண்டிக்கு வேலை முடிந்தது என்று வந்தது. "முடிஞ்சிடுச்சு அப்பா," என்றாள். இதுக்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது போதும். திரையில் ஒரு வரி வந்துவிட்டால் அவளுக்கு உலகம் சரியாகிவிடுகிறது. அந்த வரியை எவன் போட்டான், பார்த்துப் போட்டானா, பார்க்காமல் போட்டானா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

நான் யாரை நம்புவது? அந்த மெக்கானிக்கை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த டப்பாவைச் செய்தவனை எனக்குத் தெரியாது. முதல் டப்பாவைச் செய்தவனும் சரியாகச் செய்ததாகத்தானே நினைத்திருப்பான். என் வாழ்க்கையில் நான் யாருக்கும், எதற்கும், இது நல்லது என்று வாக்குக் கொடுத்ததில்லை. பெண் பார்த்து வந்தபோதுகூட என் அம்மாவிடம் "தெரியவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றுதான் சொன்னேன், அதைச் செல்வி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். இப்போது என் ஒரு சொல்லுக்காக அக்கா வெயிலில் நிற்கிறாள். பின்னால் உட்காரச் சொன்னால் உட்காருவாள், வழிநெடுக வாந்தி எடுத்துக்கொண்டு போவாள், வாழ்நாள் முழுக்க அப்படியே போவாள்.

"முன்னால உக்காருக்கா," என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா. நான் சொல்றேன்ல."

"சரிய்யா," என்றாள், அவ்வளவுதான். முன் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. பெல்ட் மாட்டுகிற சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்தது.

அப்போதே நான் போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பேத்தி தூங்குகிறாளா, மருமகனுக்கு வேலைக்கு ஆர்டர் வந்ததா, மழை ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே போக வேண்டும், நேரமாகிறது என்று மது வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் என்று கையைக் காட்டினேன். மறுபடியும் காட்டினேன். வண்டி அருப்புக்கோட்டையை நெருங்கியபோது அக்காவுக்கே பொறுக்கவில்லை.

"இன்னும் என்னய்யா வைக்காம இருக்க? கேட்டதயே கேக்குற. நீதான நம்பி உக்காருன்ன?"

"ஒன்னயத்தான் நம்பி உக்காரச் சொன்னேன். நானும் நம்பிட்டேன்னு எப்பக்கா சொன்னேன்?"

அக்கா மச்சானிடம் சொல்வது கேட்டது.

"ஏங்க, பைய ஓட்டுங்க. எந் தம்பியும் வண்டியிலதான் இருக்கான்."

மச்சான் வேகத்தைக் குறைத்தார், இஞ்சின் சத்தத்தில் தெரிந்தது. மது ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மல்லாங்கிணறு போய்ச் சேரும்வரை நான் போனை வைக்கவில்லை.